யாழினி: பெயர் வைப்பதும் பெயர் பதிவதும்

பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கு எத்தனையோ பட்டியல்கள் கிடைக்கின்றன. ஆயிரம் பெயர், இரண்டாயிரம் பெயர் என்று அச்சிட்டுப் பேருந்து நிலையத்துக் கடைகளில்கூட விற்கிறார்கள். அந்தப் பெயர் அரசாங்கத்தின் பதிவேட்டில் எப்படி ஏறும், ஏறியபின் என்ன ஆகும் என்று அவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. இந்த அத்தியாயம் அதற்காக. பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, பொருளிலிருந்து பாஸ்போர்ட் வரை அதன் பின்னாலேயே போகலாம். பெயர்: யாழினி. பொருள் இனிமையானது, நடுவில் ழகரம் நிற்கிறது, ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுத இடம் தருகிறது. பெற்றோர் சந்திக்கக்கூடிய சிக்கல் அனேகமாக எல்லாமே இந்த ஒரு பெயரில் இருக்கிறது.

யாழ் என்பது பாணர்கள் கையில் இருந்த நரம்புக் கருவி. சிலப்பதிகார உரைகாரர்கள் பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று கணக்குச் சொல்கிறார்கள். கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. அதன் அமைப்பையும் இசையையும் நூல்களிலிருந்து மீட்டெடுக்கப் பல ஆண்டு உழைத்த விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கருவி போனாலும் சொல் போகவில்லை. இப்போது வகுப்புக்கு ஒரு யாழினியாவது இருக்கிறாள். யாழ் போல இனியவள் என்பார்கள், யாழை மீட்டுகிறவள் என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் குழந்தைக்கு நட்டமில்லை. ஆனால் ‘சங்க காலத்துப் பெண் பெயர்’ என்று சொல்லிக்கொண்டு திரியவேண்டாம். யாழ் பழையது, யாழினி அண்மைக் காலத்தில் பரவிய ஆக்கம். பழம்பெயர்தான் வேண்டும் என்றால் ஆதிமந்தி, நப்பின்னை, ஆதிரை, கோதை என்று கதையோடு வருகிற பெயர்கள் இருக்கின்றன. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. அப்படி ஒரு கதை பெயரோடு கூட வருவது நல்லதுதான். கண்ணகியிலும் கதை இருக்கிறது, இருந்தும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்க எத்தனையோ வீடுகள் தயங்குகின்றன. கதையின் முடிவையும் யோசித்துத்தான் வைக்கிறார்கள் நம் மக்கள்.

பொருள் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். திருத்தணி வட்டாரம் உட்படச் சில இடங்களில், அடுத்தது ஆணாகப் பிறக்கவேண்டும் என்று பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைப் பள்ளி வருகைப் பதிவேட்டில் தினமும் கூப்பிடக் கேட்டு வளர்ந்த பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டம் இதைத் தடுக்காது. நம் நாட்டில் குழந்தைக்கு இந்தப் பெயர்தான் வைக்கலாம், இது கூடாது என்று அரசுப் பட்டியல் எதுவும் இல்லை. ஐஸ்லாந்தில் இருக்கிறது. அங்கே ஒரு பெண்ணுக்குத் தாய் வைத்த ‘பிளேர்’ என்ற பெயர், இலக்கணப்படி ஆண்பாற்சொல் என்று பெயர்க் குழு ஏற்க மறுத்ததால், அரசு ஆவணங்களில் பதினைந்து வயது வரை அவள் வெறும் ‘பெண்’ என்றே இருந்தாள். 2013 ஜனவரியில் நீதிமன்றம்தான் பெயரைக் கொடுத்தது. மெல்லிய காற்று என்பது அதன் பொருள். நம் ஊரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பொறுப்பு முழுக்கப் பெற்றோர் தலையில்.

நட்சத்திர எழுத்து பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் பார்க்கட்டும். அசுவினிக்கு சு, சே, சோ, லா. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. திருவாதிரைக்கு கு, க, ங, ச. இந்த ‘ங’வில் தொடங்கிப் பெயர் வைத்த தமிழர் யாரையும் நான் பார்த்ததில்லை. இந்த எழுத்துகள் வடமொழி ஒலிவரிசையை வைத்து அமைந்தவை, தமிழுக்குள் பாதி பொருந்தாது. பல குடும்பங்கள் செய்கிற வழி எனக்குப் பிடித்தது: நட்சத்திர எழுத்துக்கு ஒரு பெயரைத் தொட்டிலிடும் நாளில் காதில் மூன்று முறை சொல்லிவிடுவார்கள்; கூப்பிடுவதற்கும் பதிவதற்கும் வேறு பெயர். அப்படியானால் பதிவேட்டில் ஏறுவது ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். ‘யாழினி என்கிற மகாலட்சுமி’ என்று இரண்டையும் எழுதிக்கொடுத்து அடுத்த இருபது வருடம் ஒவ்வொரு படிவத்திலும் இடம் போதாமல் தவிக்கவேண்டாம்.

இனி அலுவலகத்துக்குப் போவோம்.

பிறப்பைப் பதிவதும் பெயரைப் பதிவதும் இரண்டு வேலை. பெரும்பாலானவர்கள் குழம்புவது இங்கேதான். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன்படி, குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பிறப்பைப் பதியவேண்டும், கட்டணம் இல்லை. மருத்துவமனையில் பிறந்தால் தகவல் தருவது மருத்துவமனையின் கடமை. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரின் கடமை. அந்த நேரத்தில் பெயர் முடிவாகியிருக்க வேண்டியதில்லை. பெயருக்கான இடத்தை வெற்றாக விட்டே பிறப்பைப் பதியலாம், சான்றிதழும் வாங்கலாம். பெயர் சூட்டு விழாவைப் பதினொன்றாம் நாளிலோ பதினாறாம் நாளிலோ முப்பதாம் நாளிலோ வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு இது வசதிதான். ஆனால் இந்த வசதியே வினையாகவும் முடிகிறது. பெயர் இல்லாத சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள், எல்.கே.ஜி. சேர்க்கைக்கு முதல் நாள் இரவுதான் அதை வெளியே எடுக்கிறார்கள்.

பெயரைச் சேர்க்க என்ன கெடு? பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. விதிப்படி பெற்றோரோ பாதுகாவலரோ வாய்மொழியாகச் சொன்னாலும் பதிவாளர் சேர்க்கலாம். நடைமுறையில் எழுதிக் கையெழுத்திட்டுத்தான் கொடுக்கவேண்டியிருக்கும், அதுவே நல்லது. 12 மாதம் தாண்டினால் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் அது 200 ரூபாய். 15 ஆண்டும் தாண்டிவிட்டால் விதி கதவை மூடிவிடுகிறது. பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது கால நீட்டிப்பு தந்திருக்கிறது என்பது உண்மை. அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

பிறப்பையே பதியாமல் விட்டவர்கள் நிலைமை இன்னும் சிக்கல். 21 நாளுக்குப் பின் 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு முடியும். 30 நாள் கழிந்து ஓர் ஆண்டுக்குள் என்றால் மாவட்டப் பதிவாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஓர் ஆண்டும் கடந்துவிட்டால் மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையில் விசாரணை நடந்து ஆணை வரவேண்டும். முன்பு இதற்கு நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது. 2023-இல் வந்த திருத்தச் சட்டம் இந்த அதிகாரத்தை நிர்வாகத்தின் கையில் கொடுத்தது.

எங்கே பதிவது? பிரசவம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில். சொந்த ஊரில் அல்ல. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கமாக இருப்பதால் இதில் தடுமாறுகிறவர்கள் நிறைய. சிவகங்கைக் கிராமத்துக் குடும்பத்தின் குழந்தை மதுரை நகரத்து மருத்துவமனையில் பிறந்தால் பதிவு மதுரையில்தான் இருக்கும், கிராமத்து வி.ஏ.ஓ.வை எத்தனை முறை பார்த்தாலும் அவரால் ஒன்றும் செய்யமுடியாது. கிராம ஊராட்சியில் வி.ஏ.ஓ.வும், மாநகராட்சி நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளரும் பதிவாளர்கள். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் அங்கேயே பதிந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கர்ப்ப காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வாங்கும் 12 இலக்க எண்ணை, அதாவது பிக்மி எண்ணை, பிறப்புப் பதிவின்போது கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்கிறவர்களும் இந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். பிரசவ வலி வந்தபிறகு கிராம சுகாதாரச் செவிலியரைத் தேடி ஓடக்கூடாது.

பெயரைச் சேர்க்கப் போகும்போது என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஒரு நகராட்சி அலுவலகம். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் தட்டச்சிக்கொண்டே கேட்கிறார்:

“அண்ணா, பாப்பா பேரு?”

“யாழினிம்மா.”

“தமிழ்ல ஏத்திட்டேன். இங்கிலீஷ்ல ழவுக்கு இசட்-ஹெச் போடவா, வெறும் எல் போடவா? கடைசியில ஒரு ஐயா, டபுள் ஈயா?”

அப்பா விழிக்கிறார். இதை வீட்டில் யாரும் பேசவே இல்லை. வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் நெளிகிறார்கள். அவர் மச்சினனுக்குப் போன் போடுகிறார். “மாப்ள, யாழினிக்கு ஸ்பெல்லிங் என்னடா?” அந்தப் பக்கம் இருப்பவர் கூகுளில் பார்த்துச் சொல்வதாகச் சொல்கிறார். அதற்குள் அந்தப் பெண்ணே பொறுமை இழந்து, “எல்லாரும் இசட்-ஹெச் தாண்ணா போடறாங்க, போட்டுடறேன்” என்கிறார். வீட்டில் குழந்தையின் தாயோ நியூமராலஜி பார்த்து, யாவுக்கு இரண்டு ஏ போட்டு, ஆதாருக்கு ஏற்கெனவே அப்படியே எழுதிவைத்திருக்கிறார்.

இப்படித்தான் ஒரு குழந்தைக்கு இரண்டு பெயர் வந்துவிடுகிறது. காதுக்கு ஒன்றுதான். கணினிக்கு இரண்டு.

ஆகவே என் அறிவுரையில் முதன்மையானது இது: தமிழில் பெயரை முடிவு செய்கிற அன்றே ஆங்கில எழுத்துகளையும் முடிவு செய்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தாய் தகப்பன் இருவர் கைப்பேசியிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ழவுக்குத் தமிழ்நாட்டில் இசட்-ஹெச் எழுதுவது பழகிவிட்டது. இலங்கைத் தமிழர்களும் அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்களும் பெரும்பாலும் எல் எழுதுகிறார்கள். வெளிநாட்டுக்காரர் இசட்-ஹெச்சைப் பார்த்தால் ‘யாஸினி’ என்று வாசிக்கக்கூடும். எல் போட்டால் ‘யாலினி’ என்பார். எதைத் தேர்ந்தாலும் குறை உண்டு. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் வளரப்போகிற பிள்ளைக்கு இசட்-ஹெச். ஆசிரியரும் அலுவலரும் கேட்காமலே எழுதுவது அதைத்தான். எண்கணிதக்காரர் சொன்ன கூடுதல் ஏ, கூடுதல் ஹெச் எல்லாம் வேண்டாம். அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, ஒவ்வொரு கவுண்டரிலும் ‘இங்கே இரண்டு ஏ’ என்று சொல்லிக்கொண்டிருக்கப்போவது அந்தப் பெண்தான்.

பதிவுக்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டுவார்கள். குழந்தையின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். தாய் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி எல்லாவற்றையும் வாசியுங்கள். தாயின் பெயர் அவருடைய ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கவேண்டும். எழுத்துப்பிழை என்றால் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி பதிவாளர் திருத்தலாம். உரிய ஆவணம் காட்டவேண்டும், சில வகைத் திருத்தங்களுக்கு விவரம் அறிந்த இருவரின் உறுதிமொழியும் கேட்பார்கள். ஆனால் யாழினி என்று பதிந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மனம் மாறி மகிழினி என்று மாற்றித் தாருங்கள் என்றால் பதிவாளர் செய்யமாட்டார். ஒருமுறை ஏறிய பெயர் ஏறியதுதான். வேறு பெயர் வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு, அதைக் காட்டி மற்ற ஆவணங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகவேண்டும். அரசிதழுக்கு விண்ணப்பிப்பது எழுதுபொருள் அச்சுத்துறையில். அது தனி அத்தியாயத்துக்கான வேலை.

இன்ஷியலுக்கு வருவோம். தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் போடவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தாயின் முதலெழுத்தும் போடலாம், இருவரின் எழுத்தும் போடலாம். தகப்பன் பெயரைச் சொல்ல விரும்பாத தனித்தாய்க்குப் பிறப்புச் சான்றிதழ் மறுக்கக்கூடாது, உறுதிமொழிப் பத்திரம் பெற்றுக்கொண்டு வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கவுண்டரில் யாராவது ‘அப்பா பேர் இல்லாம முடியாது’ என்றால் இந்தத் தீர்ப்பைச் சொல்லி, எழுத்தில் மறுப்புத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே குரல் இறங்கிவிடும். இன்னொன்று, அரசு ஆவணங்களில் இன்ஷியலையும் தமிழில் எழுதவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டிருக்கிறது. சுந்தரம் மகள் என்றால் தமிழில் ‘சு. யாழினி’. ‘எஸ். யாழினி’ அல்ல.

பாஸ்போர்ட்டில் இன்ஷியல் செல்லாது. அதை விரித்து முழுப்பெயராக எழுதவேண்டும். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் தகப்பன் பெயரையோ தாயின் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது வாடிக்கை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவர்கள், 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பயணிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது விமான நிலையத்தில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. துபாய்க்குச் சித்தப்பா கூப்பிடுகிற குடும்பங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். வெளிநாட்டிலேயே குழந்தை பிறந்தால், இந்தியக் குடியுரிமைக்காக ஓர் ஆண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியவேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2023 திருத்தச் சட்டம். 2023 அக்டோபர் 1-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் பிறந்த இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். முன்பு போலப் பள்ளி மாற்றுச் சான்றிதழையோ ஜாதகத்தையோ காட்டிச் சமாளிக்க முடியாது. சான்றிதழைப் பதிவு முடிந்து ஏழு நாளுக்குள் இலவசமாகத் தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பெண் குழந்தை என்பதால் இன்னும் இரண்டு இடத்தில் இந்தப் பெயர் வேலை செய்யும். அஞ்சலகத்தில் தொடங்கும் செல்வமகள் சேமிப்புக் கணக்கைக் குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள் தொடங்கவேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். மாநில அரசின் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில், வருமான வரம்பு, குடும்பக் கட்டுப்பாடு உள்ளிட்ட தகுதிகள் இருந்தால், ஒரே பெண் என்றால் 50,000, இரண்டும் பெண் என்றால் தலா 25,000 ரூபாயை அவர்கள் பெயரில் வைப்பீடு செய்கிறார்கள். இரண்டுமே பல வருடம் கழித்து அந்தப் பெண் கையெழுத்திட்டு வாங்கவேண்டிய பணம். வைப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து என்றால் அலைச்சல் அவளுக்குத்தான்.

ஆதார் எடுப்பதைப் பெயர் பதிந்த சான்றிதழ் கைக்கு வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றமுடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அந்த வாய்ப்பைக் குழந்தை நடக்கத் தொடங்கும் முன்பே ஏன் செலவழிக்கவேண்டும்? ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அப்போதும் பெயர் எழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வளர்ந்து திருமணம் ஆனபின் இன்ஷியலை மாற்றவேண்டுமா என்று இப்போதே கேட்கிற பாட்டிமார் உண்டு. மாற்றவேண்டும் என்று சட்டம் இல்லை. பாஸ்போர்ட்டுக்கும் தேவையில்லை. பிறந்தபோது இருந்த சு. யாழினியாகவே அவள் கடைசிவரை இருக்கலாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பதிவு எண்ணையும் பதிவு தேதியையும் தனியே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அசல் தொலைந்தாலும் அந்த இரண்டும் இருந்தால் நகல் எடுப்பது எளிது. லேமினேட் செய்யாதீர்கள், சில அலுவலகங்களில் அசலின் தாளையும் முத்திரையையும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பார்கள். உங்கள் வீட்டுக் குழந்தையின் சான்றிதழில் பெயர் இடம் இன்னும் வெற்றாக இருந்தால், 12 மாதம் முடிய எத்தனை நாள் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.